ஏழாங்கிணற்றின் மாற்று வீரர்கள்

ஏழாங்கிணறு என்ற ஊரில் கிணறுகள் மொத்தமே மூன்று, மூன்றும் வறண்டவை, ஆகவே ஊர் குடித்ததும் குளித்ததும் பஞ்சாயத்து மேல்நிலைத் தொட்டியின் தண்ணீரில்தான். அந்தத் தொட்டிக்குத் தினமும் மோட்டார் போட்டு, வால்வு திறந்து, தெருத்தெருவாகத் தண்ணீர் விட்டவர் மாசிலாமணி. இருபத்தெட்டு வருடமாக அந்த வேலையைப் பார்த்தும் அவர் தற்காலிக ஊழியர்தான். நிரந்தரமான ஆள் ஒருவர் வரும்வரைக்கும் என்று சொல்லி வைத்திருந்தார்கள், அந்த நிரந்தரமான ஆள் எங்கே வந்துகொண்டிருக்கிறார் என்று யாருக்கும் தெரியாது. பத்தாம் வகுப்பு முடித்த கையோடு மாவட்ட வேலைவாய்ப்பு அலுவலகத்தில் பெயரைப் பதிந்தவர், மூன்று வருடத்துக்கு ஒரு முறை தவறாமல் போய் அதைப் புதுப்பித்துக்கொண்டு வந்தார். புதுப்பிக்காவிட்டால் வரிசையில் இருக்கிற இடம் போய்விடும். அவரோடு முதல் நாள் வரிசையில் நின்ற மூன்று பேரில் ஒருவர் பம்பாய்க்குப் போனார், ஒருவர் பாஸ்டர் ஆனார், ஒருவர் செத்துப்போனார், செத்துப்போனவருக்கு மட்டும் இன்டர்வியூ கார்டு வந்தது.

இப்படிப்பட்ட மனிதர் விண்வெளி வீரர்களின் கையெழுத்தைச் சேர்க்கத் தொடங்கியதற்கு ஒரு உளுந்த வடைதான் காரணம். வடை மடித்து வந்த இங்கிலீஷ் பேப்பரில் ராக்கெட் ஏறப்போகிற மூன்று பேர் கையாட்டிக்கொண்டு நின்றார்கள், அவர்களுக்குப் பின்னால் அதே உடுப்பில் இன்னும் மூன்று பேர் கையாட்டாமல் நின்றார்கள். அவர் மனைவி ஜெபக்கனி தாலுகா ஆபீஸ் எதிரே ஜாப் டைப்பிங் கடை வைத்திருந்தவள், ஊரில் இங்கிலீஷ் தெரிந்த இரண்டு பேரில் ஒருத்தி. இன்னொருவர் தெரியும் என்று சொல்லிக்கொண்டவர்.

"பின்னால நிக்காவளே, அவுக யாருட்டி?" என்று கேட்டார் மாசிலாமணி.

"மாற்று ஆளுகளாம். முன்னால நிக்கவுகளுக்கு ஒடம்புக்கு எதுவும் வந்துட்டா இவுக போவாவளாம்."

"போனாவளா?"

"அவுகளுக்கு ஒடம்பு நல்லாத்தான் இருந்திருக்கு."

மாசிலாமணி பாதி வடையை அப்படியே வைத்துவிட்டார்.

அன்றிலிருந்து எந்தெந்த நாட்டில் எவரெவர் பயிற்சி எடுத்து, உடுப்புக்கு அளவு கொடுத்து, பெட்டி கட்டி வைத்து, கடைசிவரைக்கும் ஏறாமலே போனார்களோ அவர்களுக்கெல்லாம் ஜெபக்கனி கடிதம் தட்டினாள். அவளுக்குத் தெரிந்த கடிதம் மனு ஒன்றுதான். ஆகவே பட்டா மாறுதலுக்கும் முதியோர் பென்ஷனுக்கும் தட்டுகிற அதே தோரணையில் அனுப்புநர், பெறுநர், பொருள் என்று வரிசையாகப் போட்டு, ஐயா அவர்களின் மேலான சமூகத்துக்குப் பணிந்து சமர்ப்பித்து, கையெழுத்திட்ட புகைப்படம் ஒன்று வழங்கி ஆவன செய்யுமாறு இங்கிலீஷில் கேட்டுக்கொண்டாள். மேலே போய்ப் பேர் வாங்கியவர்களுக்கும் நாலைந்து மனு போனது, அவர்களிடமிருந்தும் பதில் வந்தது, ஆனால் அந்தப் படங்களில் கையெழுத்துப் போட்டிருந்தது மெஷின். ஒன்றின்மேல் ஒன்றை வைத்து வெயிலில் பிடித்தால் மயிரிழை பிசகாமல் பொருந்தியது. மாசிலாமணி அவற்றை மாவுப் பானைக்கு மூடியாக்கினார். ஏறாதவர்களோ கடிதம் கிடைத்த அன்றே, மை காயும் முன்னாலேயே உறையில் போட்டு அனுப்பினார்கள், ஏனென்றால் அவர்களிடம் அதுவரை யாரும் கேட்டதில்லை.

மூன்று வருடம் முடிந்ததும் மாசிலாமணிக்குச் சோறு இறங்கவில்லை. "இவுக ரினிவல் போடணும்லா? போடலன்னா வரிசை போயிருமே" என்று அடித்துக்கொண்டார். ஜெபக்கனி ஒவ்வொரு படத்தையும் திருப்பி அனுப்பி, முதல் கையெழுத்துக்குக் கீழே கோடு போட்டு, தேதியுடன் மறுபடி கையெழுத்திடுமாறு மனுச் செய்தாள். திரும்பி வந்ததும் அதன்மேல் 'புதுப்பிக்கப்பட்டது' என்று ஊதா ரப்பர் ஸ்டாம்பைக் குத்தினாள். அந்த வீரர்கள் அதற்குள் வேலையிலிருந்து ஓய்வு பெற்றிருந்தார்கள், ஒருவர் இன்ஷூரன்ஸ் பிடித்தார், பல்கேரியாவில் ஓர் அம்மாள் தேனீ வளர்த்தாள், அமெரிக்காவில் கோதுமைக்காட்டு ஊர் ஒன்றில் டொனால்ட் ஹாப்வெல் என்பவர் டிராக்டர் விற்றார். இருந்தும் மூன்று வருடத்துக்கு ஒரு முறை எங்கோ ஓர் ஊரிலிருந்து ஒருவர் நீ இன்னும் வரிசையில்தான் இருக்கிறாய் என்று எழுதினால் யாருக்குத்தான் மறுக்க மனம் வரும்? சென்னையில் இதே பொழுதுபோக்குள்ள ஒரு பெரிய மனிதர் கேள்விப்பட்டு, ஒரு படத்துக்கு ஒரு கையெழுத்துதான் மதிப்பு, ஏழு கையெழுத்தும் ரப்பர் ஸ்டாம்பும் குத்திய படம் எச்சில் இலைக்குச் சமம் என்று எழுதினார். அவருக்கு ஜெபக்கனி பதில் போடவில்லை.

ஹாப்வெல்லின் எட்டாவது கையெழுத்து வந்து சேர்ந்த சித்திரை மாதத்துச் செவ்வாய்க்கிழமை, அதை ஆல்பத்தில் செருகிய உடனே ஆல்பம் மேஜையை விட்டு எழுந்து, ஜன்னல் வழியாகக் கொஞ்சம் எட்டிப் பார்த்துவிட்டு, உத்தரத்தில் போய் ஒட்டிக்கொண்டது. மாசிலாமணி ஒட்டடைக் கம்பால் தட்டி இறக்கினார், அது மறுபடி ஏறியது. பிரித்துப் பார்த்ததில் நாற்பத்தொரு படங்கள் தனித்தனியாகவும் ஏறின. ரினிவலுக்குப் பதிலே போடாத ஒரு ஜெர்மன்காரரின் படமும் பானை மூடிகளும் மட்டும் ஏறவில்லை. ஊர் வந்து பார்த்தது. ரினிவல் போட்டிருக்கு, பறக்குது என்று காரணத்தை இரண்டே நிமிடத்தில் கண்டுபிடித்துவிட்டு, மற்ற காரியத்தைக் கவனிக்கப் போனது. மறுநாள் காலை முதல் பஸ்ஸில் ஐம்பத்தாறு பேர், பல்போன கிழவர்கள் உட்பட, விட்டுப்போன தங்கள் பதிவைப் புதுப்பிக்க மாவட்ட ஆபீசுக்குப் போனார்கள்.

ஒரு படம் இரண்டு கிலோவைத் தூக்கும் என்று மளிகைக்கடைத் தராசைத் தலைகீழாகக் கட்டி நிறுத்துத் தெரிந்துகொண்டார்கள். அதன்பிறகு அவை வீட்டில் தங்குவதே அபூர்வமாயிற்று. நிறைமாதக்காரிகள் இடுப்புக்கு இரண்டு படம் வாங்கிக் கட்டிக்கொண்டு இலகுவாக நடந்தார்கள். ஆண்டவர் வானத்துக்கு ஏறிய பரமேறுதல் பண்டிகை நாடகத்துக்கு என்று பாஸ்டர் இருபத்தெட்டுப் படம் வாங்கிப்போய், கணக்குத் தப்பி, ஆண்டவராக நடித்த பையனை வேதக்கோயில் ஃபேனில் இருந்து ஏணி வைத்து இறக்க வேண்டியதாயிற்று. வார்டு கவுன்சிலரான உச்சிமாகாளி, ஊர் அம்மன் கோயிலில் எடைக்கு எடை வெல்லம் தருவதாகத் துலாபாரம் நேர்ந்திருந்தார், தொண்ணூற்றாறு கிலோ ஆள். அவர் சட்டைக்குள் முப்பது படம் வைத்துக்கொண்டு தட்டில் உட்கார, சின்னச் சாக்கு ஒன்று வெல்லத்தில் முள் நேராக நின்றது. பூசாரி முறைத்தார், அம்மன் ஒன்றும் சொல்லவில்லை. அதே உச்சிமாகாளி தன் பிறந்தநாள் பேனரைக் கம்பம் நடாமல் பஜாரில் மிதக்கவிட்டார். போலீஸ் வந்து பார்த்து, கம்பம் நட்டால்தான் குற்றம், கம்பமே இல்லையே என்று தலையைச் சொறிந்துவிட்டுப் போனது. மலையடிவாரத்தில் ராக்கெட் எஞ்சின் சோதிக்கிற பெரிய ஆபீசிலிருந்து ஒரு விஞ்ஞானி ஸ்கூட்டரில் வந்தார், படங்களை இப்படியும் அப்படியும் புரட்டினார், டீ குடித்தார், "இது எங்க டிப்பார்ட்மென்ட் இல்ல" என்றார்.

இதற்கிடையில் ஹாப்வெல்லிடமிருந்து கடிதம் வந்தது. எனக்கு எண்பத்தொரு வயது, கண்ணில் புரை முற்றிவிட்டது, அடுத்த முறை கையெழுத்துப் போட இருப்பேனோ மாட்டேனோ, படத்தை ஒரு தடவை பார்க்க முடியுமா என்று கேட்டிருந்தார். ஒரு நகல் அனுப்பினால் போதும் என்றுதான் கேட்டார். ஜெபக்கனியிடம் நகல் கேட்கிறவர்களுக்கென்று தாலுகா ஆபீஸ் வாசகம் ஒன்று தயாராக இருந்தது, கை பழக்கத்தில் அதையே தட்டிவிட்டாள்: அசல் ஆவணத்தைப் பார்வையிட விண்ணப்பதாரர் நேரில் ஆஜராகவும். அரைநூற்றாண்டாக ஓர் உத்தரவுக்காகக் காத்திருந்த மனிதருக்கு ஆஜராகவும் என்று உத்தரவு போனால் என்ன செய்வார்? ஆடி மாதம் முதல் வாரத்தில், ஒரு தோல் பையும் நாப்தலின் வாசம் வீசும் நீல உடுப்புமாக ஷேர் ஆட்டோவில் வந்து இறங்கினார்.

உத்தரத்தில் முப்பது வயது ஹாப்வெல் சிரித்துக்கொண்டு ஒட்டியிருந்தார், கீழே எண்பத்தொரு வயது ஹாப்வெல் அண்ணாந்து பார்த்தார். ஹாப்வெல் என்பது வாயில் நுழையாததால் ஊர் அவருக்கு வேலய்யா என்று பெயர் வைத்தது, கல்யாணமாகாத ஆளிடம் கேட்பதுபோலக் கூச்சமில்லாமல் நீங்க ஏன் போகல என்று கேட்டது. மூன்று முறை வாய்ப்பு பக்கத்தில் வந்து தட்டிப்போனதை அவர் சொல்ல, ஜெபக்கனி தமிழில் சொன்னாள்.

"முன்னால உள்ளவரு ஒவ்வொரு தடவையும் குதிரை மாதிரி இருந்தாராம். ஒரு தும்மல்கூடப் போடலியாம். இவரு அந்தாளுக்கு மணல்வாரி அம்மை வரணும்னு ஜெபம் பண்ணினாராம்."

"அடப்பாவி" என்றது ஊர், மிகுந்த பிரியத்தோடு.

வேலய்யாவை மேலே அனுப்பிவிடுவது என்று மாசிலாமணி அன்றைக்கே முடிவு செய்துவிட்டார். நாற்பத்தொரு படமும் சேர்ந்தால் ஒரு ஆளையும் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியையும் தூக்கும், இரண்டாவது ஆளுக்கு வழியில்லை. ஊர் படங்களைத் திருப்பிக் கொடுத்தது, நிறைமாதக்காரிகள் பெருமூச்சோடு கொடுத்தார்கள், உச்சிமாகாளி பேனரை இறக்கிக் கொடுத்துவிட்டு விழாவுக்குத் தானே தலைவர் என்றார். படங்களைக் கொசுவலையில் கட்டி, சிவப்பு நாற்காலியில் பிணைத்து, மேல்நிலைத் தொட்டியின் கைப்பிடிக் கம்பியில் கப்பி மாட்டி, மூன்று கிணற்றின் கயிறுகளையும் ஒன்றாக முடிந்தார்கள். புதன்கிழமை காலை பத்து மணி என்று நாள் குறித்தார்கள்; பதினொன்றுக்கு மேல் ஆடிக்காற்று எழும்பிவிடும், மறுநாள் ஹாப்வெல்லுக்குத் திருவனந்தபுரத்தில் விமானம், அதற்கடுத்த வாரம் கண் ஆபரேஷன். அந்த ஒரு மணி நேரம்தான்.

ஆனால் மாற்று ஆள் இல்லாமல் எந்தப் பயணமும் கிடையாது என்று ஹாப்வெல் பிடிவாதமாகச் சொல்லிவிட்டார். ஒரு வெள்ளைத்தாளில் மாசிலாமணியை மாற்று வீரராக நியமிப்பதாக எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார். மாசிலாமணி அதை இரண்டு கையாலும் வாங்கினார், பிளாஸ்டிக் உறையில் போட்டார், அன்று முழுக்க ஐந்தாறு தடவை எடுத்துப் பார்த்தார். தன் பெயரில் ஓர் உத்தரவை வாழ்க்கையில் முதல்முறையாகப் பார்க்கிறார். மாற்று ஆளுக்கும் அதே பயிற்சி என்பதால் நாற்காலியில் அவரையும் உட்காரவைத்துக் கயிற்றைப் பத்தடி விட்டார்கள். அந்தப் பத்தடி உயரத்தில் பக்கத்துத் தெருக்கூரையெல்லாம் தெரிந்தது, இன்னும் போனால் என்னவெல்லாம் தெரியும் என்று இருந்தது, அதற்குள் இறக்கிவிட்டார்கள்.

செவ்வாய் சாயங்காலம் வேலய்யாவைப் பஸ் ஸ்டாண்ட் பரோட்டாக் கடைக்குக் கூட்டிப்போனவர் மாசிலாமணிதான். கிழவர் பரோட்டாவைக் கண்டு குழந்தையாகிவிட்டார், நான்கு சாப்பிட்டார், மாசிலாமணி பக்கத்தில் நின்று "இன்னும் ரெண்டு கரண்டி சால்னா ஊத்துப்பா" என்று உபசரித்தார். அது வெறும் அன்புதானா, அதில் வேறு ஏதாவது கலந்திருந்ததா என்று பிற்பாடு எத்தனையோ நாள் யோசித்துப் பார்த்திருக்கிறார். அவருக்கே தெரியவில்லை.

புதன்கிழமை விடியும்போதே ஹாப்வெல் பஞ்சாயத்துக் கழிப்பறைக்குள் இருந்தார், அது உச்சிமாகாளி திறந்துவைத்துத் தன் பெயரைக் கல்லில் வெட்டிய கழிப்பறை. ஒன்பது மணிக்குள் ஏழு தடவை போய் வந்தார். ஜெபக்கனி மாதுளம் ஓட்டைக் காய்ச்சிக் கொடுத்தாள், தயிர் கொடுத்தாள், மெடிக்கல் மாத்திரை கொடுத்தாள், எதுவும் வயிற்றில் தங்கவில்லை. தொட்டியடியில் பேண்டு செட் வாசித்து வாசித்து ஓய்ந்தது, சுற்றுவட்டாரத்து ஊர்களிலிருந்தெல்லாம் சனம் வந்து குவிந்திருந்தது, மணி பத்தும் ஆகிவிட்டது. நீல உடுப்போடு கழிப்பறை வாசல் படியில் உட்கார்ந்திருந்த கிழவர் தலையை அசைத்து, மாசிலாமணியைச் சுட்டிக்காட்டினார். எல்லாருக்கும் புரிந்தது, முன்னால் உள்ளவருக்கு உடம்புக்கு வந்துவிட்டது.

"அப்புறம் என்ன அண்ணாச்சி, உத்தரவுதான் கையில இருக்குல்லா, ஏறி உக்காருங்க. காத்து வரப்போவுது" என்றார் உச்சிமாகாளி.

மாசிலாமணி தொட்டியில் ஏறினார். நாற்காலியில் உட்கார்ந்தார், பெல்ட்டைப் போட்டார்கள், கொசுவலை தலைக்கு மேலே பொங்கித் திமிறியது. சிரிப்பு அவருக்கு வாய்வரைக்கும் வந்துவிட்டது, அதை மறைக்கக் கீழே குனிந்துகொண்டார். ஏனென்றால் அவருக்கு ஒரு விஷயம் தெரியும். பன்னிரண்டு வருடத்துக்கு முன்னால் ரினிவல் போட்டு அனுப்பிய கடிதத்தில் ஹாப்வெல் வேடிக்கையாக எழுதியிருந்தார்: மேலே போகிற சூரர் எல்லாருமே உடுப்புக்கு அடியில் குழந்தைக்குக் கட்டுவதுபோலத் துணி கட்டிக்கொண்டுதான் போகிறார்கள், போனவருக்கும் உண்டு, போகாதவருக்கும் உண்டு, அதில் மட்டும் நாங்கள் சமம். ஆக, வயிறு போவது ஒரு தடையே இல்லை. துணி வேண்டும், அவ்வளவுதான். ஊரில் யாருக்கும் அது தெரியாது, கிழவரோ வாயைத் திறக்கவில்லை, மாசிலாமணியும் திறக்காமல் இருந்தால் போதும். யாரும் எதுவும் சொல்லமாட்டார்கள். நியாயமாகத்தான் போவார், முறைப்படிதான் போவார், கையில் உத்தரவு இருக்கிறது.

கயிற்றை அவிழ்க்கப் போனார்கள். மாசிலாமணி கழிப்பறை வாசலைப் பார்த்தார். அங்கே கிழவர் கையாட்டாமல் உட்கார்ந்திருந்தார்.

"நிறுத்துங்கப்பா" என்றார் மாசிலாமணி. பெல்ட்டை அவிழ்த்தார், ஏணியில் இறங்கினார், நேராக ஜெபக்கனியிடம் போனார். "ஏட்டி, ரெண்டு குளிக்கிற டவல் எடுத்துக் கிழிச்சுத் தையி. அவரு லெட்டர்ல எழுதியிருந்தாருல்லா, துணி கட்டிட்டுத்தான் போவாவன்னு. கட்டிவிட்டா போயிருவாரு."

ஜெபக்கனி முந்தானையை இடுப்பில் செருகினாள். "எனக்குத் தெரியாதாக்கும்? அந்த லெட்டரை ஒங்களுக்கு வாசிச்சுச் சொன்னதே நான்தான்."

"பின்ன ஏன் சொல்லாம நின்ன?"

"ஒரு நாளாவது நீங்க போயிட்டு வருவியன்னுதான்" என்றாள், ஊரே பார்க்க முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். "ஒங்களைக் கட்டிக்கிட்டு நான் ஒரு தடவையாவது அண்ணாந்து பாக்கணும்னு நெனச்சேன், அது தப்பா? போங்க." பிறகு தையல்காரர் வீட்டுக்கெல்லாம் அலைய வேண்டாமென்று தானே ஓடிப்போய் டவலைக் கிழித்து, கோணி ஊசியால் பத்து நிமிடத்தில் தைத்துக்கொண்டு வந்தாள்.

கழிப்பறைக்குள் வைத்து அதைக் கட்டிவிட்டவரும் மாசிலாமணிதான். நாடாவை இறுக்கும்போது கிழவர் அவர் தோளைப் பிடித்துக்கொண்டு மெல்ல ஏதோ சொன்னார். கதவுக்கு வெளியே நின்ற ஜெபக்கனி கேட்டுச் சொன்னாள்.

"அவருக்கும் தெரியுமாம். நீங்க சொல்லுதீயளான்னு பாத்துக்கிட்டு இருந்தாராம்." மறுபடி கதவில் காதை வைத்தாள். "ஒங்க எடத்துல இருந்தா சொல்லியிருக்க மாட்டேங்காரு."

"நானும் சொல்லக்கூடாதுன்னுதான் ஏறி உக்காந்தேன்னு சொல்லு" என்றார் மாசிலாமணி.

அவள் அதைச் சொன்னாள். உள்ளே கிழவர் சிரிக்கத் தொடங்கினார், சிரிப்பு தாங்காமல் சுவரைப் பிடித்தார். கட்டிய துணிக்கு அப்போதே வேலை வந்துவிட்டதால் இன்னொரு டவலைக் கிழிக்க வேண்டியதாயிற்று.

மணி பத்தே முக்காலுக்கு டொனால்ட் ஹாப்வெல் மேலே போனார். பேண்டு செட் ஒரு கல்யாணப் பாட்டை வாசித்தது, உச்சிமாகாளி தேங்காய் உடைத்தார், பாஸ்டர் ஜெபம் செய்தார், பூசாரி எலுமிச்சம்பழத்தைச் சுற்றிப்போட்டார். சிவப்பு நாற்காலி தொட்டியைத் தாண்டியது, புளியமரத்தைத் தாண்டியது, செல்போன் டவரின் நுனிவிளக்கைத் தாண்டியது, பருந்து ஒன்று பக்கத்தில் வந்து பார்த்துவிட்டு விலகிப் போனது. கப்பியில் ஓடிய கயிறு மாசிலாமணியின் இரண்டு கையிலும் இருந்தது; வால்வு திறந்து திறந்து காய்த்துப்போன கை, கொஞ்சம் கொஞ்சமாக விட்டுக்கொடுத்தது. நாற்காலி கட்டைவிரல் அளவாகி, கடுகு அளவாகியும் கயிறு ஓடிக்கொண்டே இருந்தது. ஒரு கட்டத்தில் கயிற்றின் வழியாக ஒரு நடுக்கம் இறங்கிவந்து உள்ளங்கையில் குறுகுறுத்தது. மேலே அவர் சிரிக்கிறாரா அழுகிறாரா என்று தெரியவில்லை, ஆனால் அது நிற்கவில்லை.

"அண்ணாச்சி, போதும், இழுங்க" என்றார் உச்சிமாகாளி, மைக்கைக் கையில் பிடித்தபடி. "இன்னும் என் பேச்சு இருக்கு, பிரியாணி ஆறுது. பாத்தியளா, மரமெல்லாம் ஆட ஆரம்பிச்சிட்டு."

மேற்கே காற்று கிளம்பிவிட்டது உண்மைதான். கயிறு வெடவெடத்தது, மாசிலாமணியின் கால் கட்டாந்தரையில் அரையடி இழுபட்டது. ஜெபக்கனி பின்னால் வந்து கயிற்றின் வாலைத் தன் இடுப்பில் இரண்டு சுற்றுச் சுற்றிக்கொண்டு, குதிகாலை ஊன்றி, மேலே அண்ணாந்து நின்றாள்.

"இருக்கட்டும்வே" என்றார் மாசிலாமணி. "இப்பத்தான போயிருக்காரு."

இன்னும் ஒரு முழம் கயிறு விட்டார்.